இராவணனின் வரவு: கூத்துக் களரியிலிருந்து திரை வில்லன் வரை

திரைப்பட இரசிகர் ஒருவர் தமக்குப் பிடித்த படங்களைப் பட்டியலிடும்போது கதாநாயகர்களின் பெயர்களையே முதலில் சொல்வார்; ஆனால் அப்படங்களின் காட்சிகளை விவரிக்கத் தொடங்கியதும், எதிர்நாயகன், அதாவது வழக்கில் வில்லன் எனப்படும் பாத்திரம், அந்தப் பேச்சுக்குள் தானாகவே நுழைந்துவிடுகிறது. ‘பாட்ஷா’ படத்தைப் பற்றிப் பேசுவோர் மார்க் ஆண்டனியாக வந்த ரகுவரனைத் தவிர்க்க முடிவதில்லை. ‘படையப்பா’வைப் பற்றிப் பேசுவோர் நீலாம்பரியாக வந்த ரம்யா கிருஷ்ணனைக் கடந்து செல்வதில்லை. இருந்தும் ஆண்டுதோறும் திரையில் தோன்றி அடிவாங்கி மறையும் எண்ணற்ற வில்லன்களில் மிகச் சிலரே இவ்வாறு நினைவில் நிலைக்கின்றனர். அந்தச் சிலரிடம் உள்ள தனித்தன்மை எது என்ற கேள்விக்கு, திரைப்படம் பிறப்பதற்கு முன்பே எதிர்நாயகர்களை ஆடவைத்துப் பழகிய மட்டக்களப்புக் கூத்து மரபு தெளிவானதொரு விடையை வைத்திருக்கிறது.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் ஆடப்படும் கூத்துகள் வடமோடி, தென்மோடி என இரு பெரும் வகைப்படும். தென்மோடிக் கூத்துகளில் காதலும் மங்கலமான முடிவும் மிகுதியாக இடம்பெற, வடமோடிக் கூத்துகள் பாரத, இராமாயணக் கதைகளிலிருந்து போரையும் வீரத்தையும் பொருளாக எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் ஒரு பெருவீரனின் வீழ்ச்சியை நோக்கி நகர்கின்றன. பார்வையாளர் சுற்றிலும் அமர்ந்திருக்கும் வட்டமான ஆடுகளமே களரி எனப்படும். கூத்தைப் பழக்கி, மத்தளம் வாசித்து, இரவு முழுவதும் ஆட்டத்தை நெறிப்படுத்துபவர் அண்ணாவியார் ஆவார். ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்குள் புகும்போது, தனக்குரிய தாளக்கட்டுக்கு ஆடியும், தன் குலத்தையும் ஆற்றலையும் கூறும் பாடலைப் பாடியும் தன்னைச் சபைக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் பகுதி வரவு என்று அழைக்கப்படுகிறது.

இந்த வரவு என்னும் அமைப்பில்தான் கூத்து மரபின் அறநோக்கு அடங்கியுள்ளது. தருமனுக்கு வரவு இருப்பதுபோலவே துரியோதனனுக்கும் உண்டு. இராமனுக்குக் களரி வழிவிடுவதுபோலவே இராவணனுக்கும் வழிவிடுகிறது. கட்டியகாரன் முன்வந்து அரசனின் வருகையை அறிவிப்பதும், கிரீடம் தரித்த அரசன் கொலுவில் அமர்வதும் நல்லவன், கெட்டவன் என்ற வேறுபாடு பார்த்து நிகழ்வதில்லை. எனவே எதிர்நாயகனை முதலில் ஓர் அரசனாகவும் வீரனாகவும் மதித்து ஏற்றுக்கொண்ட பிறகே, அவன் செய்த பிழையை எடைபோடும் நிலைக்குப் பார்வையாளர் வந்துசேர்கின்றனர்.

இம்மரபு நவீன மேடைக்குள் வந்த வரலாற்றில் செங்கலடிக்கு அருகிலுள்ள வந்தாறுமூலைக்கும் ஓர் இடம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தின் வழியாகச் சிங்கள மரபரங்குக்குத் தந்த புத்துயிரைக் கண்டு, விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலி வதை’ 1968இலும் அவ்வாறு மேடையேறின. இவற்றுள் மூன்று கூத்துகளின் தலைப்புகள், வெற்றி பெற்றோர் பெயர்களைத் தாங்காமல், களத்தில் வீழ்ந்தோர் பெயர்களையே தாங்கி நிற்பது கவனிக்கத்தக்கது. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் அன்று பேராதனையில் மாணவராயிருந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் பயின்ற அவர், பின்னாளில் அதே ஊரில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறைப் பேராசிரியராகி, அக்கூத்தைப் புதிய தலைமுறை மாணவர்களைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.

‘இராவணேசன்’ காட்டிய இராவணன், பத்துத் தலைகொண்ட அரக்கன் அல்லன். உறவுகளைப் போர்க்களத்தில் இழந்து, தவற்றை உணர்ந்தும் மானத்தின் பொருட்டுப் பின்வாங்க இயலாமல் இறுதிப் போருக்குப் புறப்படும் மனிதன். நாடக ஆய்வாளர்கள் இவ்வகைப் பாத்திரத்தை அவலநாயகன் என்பர். அதாவது, பெருமைகள் பல பெற்றிருந்தும் தன் இயல்பிலுள்ள ஒரு குறையால் அழிந்துபோகிறவன். இலங்கைத் தமிழருக்கு இப்பார்வை புதியதன்று. திருகோணமலைக் கோணேசர் மலையிலுள்ள பாறைப் பிளவு இராவணன் வெட்டு என்றே வழங்கப்படுகிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக இராவணன் உண்டாக்கியவை என்பது மக்களின் நம்பிக்கை. தமிழகத்திலோ இதே இராவணன் அரசியல் பாத்திரமாகவும் ஆனான்: புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ அவனைத் தமிழரின் தலைவனாகப் பாடியதால் 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இலேயே அத்தடை நீக்கப்பட்டது.

தமிழ்த் திரையின் தொடக்ககால வில்லன்களும் மேடையிலிருந்தே வந்தனர் என்பதால், கூத்துக்கும் அவர்களுக்கும் இடையிலான தூரம் தோன்றுமளவுக்குப் பெரியதன்று. எம். என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் வளர்ந்தவர்; எம். ஆர். ராதா தமது நாடகங்களால் புகழ்பெற்ற பின்னரே திரையில் நிலைத்தவர். மேடையில் கடைசி வரிசைப் பார்வையாளரையும் எட்டவேண்டியிருந்த குரலும் உடல்மொழியும் திரைக்கு வந்தபோது, அவை ஒவ்வொரு நடிகருக்கும் தனி முத்திரைகளாயின: பி. எஸ். வீரப்பாவின் உருண்டோடும் சிரிப்பு, நம்பியாரின் கைபிசைதலும் ஓரக்கண் பார்வையும், எஸ். ஏ. அசோகனின் இழுத்துப் பேசும் உச்சரிப்பு ஆகியவற்றைக் கண்டதும் கேட்டதும் அடையாளம் காணலாம். வரவுப் பாடல் கூத்தில் செய்த வேலையை, ஒரு சிரிப்பும் ஒரு கையசைவும் திரையில் செய்தன.

அத்தொடக்ககாலப் படங்களுள் 1948இல் ஜெமினி நிறுவனத்தின் சார்பில் எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய ‘சந்திரலேகா’ முதன்மையானது. அண்ணனுக்குரிய அரியணையைக் கவரும் சசாங்கனாக ரஞ்சன் நடித்த இப்படம் முரசு நடனத்துக்காகப் பெரிதும் பேசப்பட்டாலும், அந்த நடனத்தைத் தொடரும் நீண்ட வாட்போரை விறுவிறுப்பாக்கியது, நாயகனுக்குச் சற்றும் குறையாத வாள்திறன் வாய்ந்த எதிரியாக ரஞ்சன் விளங்கியமையே ஆகும். எதிரி வலியவனாக இருந்தாலன்றி வெற்றிக்குப் பெருமை இல்லை என்பது வடமோடிப் போர்க்கூத்துகள் அறிந்திருந்த விதியே.

1954ஆம் ஆண்டு வேறொரு திருப்பத்தைத் தந்தது. அவ்வாண்டில் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’, ‘அந்த நாள்’ ஆகிய இரு படங்களும் எதிர்நாயகனையே கதையின் நடுவில் நிறுத்தின. முன்னதில், வெளிநாடு சென்று திரும்பி, ஒழுக்கம் தவறி, தொழுநோயால் சிதையும் மோகனசுந்தரமாக வந்த எம். ஆர். ராதா, தண்டனைக்குரிய அப்பாத்திரத்தின் வாயாலேயே சமூகத்தின் போலித்தனங்களைக் கிண்டல் செய்தார். அதனால், வெறுக்கவேண்டியவனின் பேச்சை அரங்கம் கைதட்டி வரவேற்றது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய பின்னது, பாடல்களே இல்லாத படம். அதில் சிவாஜி கணேசன், தன் திறமைக்கு நாட்டில் மதிப்பில்லை என்ற கசப்பால் போர்க்காலத்தில் பகைநாட்டுக்கு உளவாளியாகும் வானொலிப் பொறியியலாளராக நடித்தார். அவன் செய்தது துரோகம் என்பதில் படத்துக்கு ஐயமில்லை. ஆயினும் அத்துரோகம் எந்த மனக்காயத்திலிருந்து பிறந்தது என்பதையும் அது மறைக்கவில்லை.

இராவணனே திரைக்கு வந்தபோதும் அவன் பெருமை குறைக்கப்படவில்லை. கே. சோமு இயக்கத்தில் 1958இல் வெளிவந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் டி. கே. பகவதி இராவணனாக நடிக்க, சி. எஸ். ஜெயராமன் பின்னணிக் குரல் கொடுத்தார். இசைவல்லுநனாகிய இராவணன் பல்வேறு இராகங்களைப் பாடிக்காட்டும் அப்படத்தின் காட்சி, இராமன் பக்கத்துக் காட்சிகளுக்கு நிகராக இன்றும் நினைவுகூரப்படுகிறது. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளியானது. தோற்ற அணியில் நின்ற கர்ணனாகச் சிவாஜி கணேசனும், அவனிடம் நட்பில் மாறாத துரியோதனனாக அசோகனும் நடித்த அப்படம் வெளியான அதே ஆண்டில்தான் பேராதனையில் ‘இராவணேசன்’ மேடையேறியது. ஒன்றையொன்று பின்பற்றாமல், கடலின் இருபுறத்திலும் தோற்றவனின் பக்கத்திலிருந்து காப்பியத்தைப் பார்க்கும் முயற்சிகள் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இவ்வகையில் ஆர். எஸ். மனோகர் தனித்து நோக்கத்தக்கவர். திரையில் ஓயாது வில்லனாக நடித்த அவர், தமது நேஷனல் தியேட்டர்ஸ் நாடகக் குழுவின் வழியாக ‘இலங்கேஸ்வரன்’, ‘சூரபத்மன்’ முதலிய நாடகங்களை மேடையேற்றி, புராணங்களின் எதிர்நாயகர்களையே நாயகர்களாக்கினார்.

அரச உடையைக் களைந்த பின், வில்லன் காலந்தோறும் அதிகாரம் இருக்கும் இடத்துக்கே குடிபெயர்ந்தான். சமீன்தாராகவும் பண்ணையாராகவும் இருந்தவன், பின்பு கடத்தல்காரனாகவும் ஊழல் அரசியல்வாதியாகவும் மாறினான். பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்தில் ரஜினிகாந்த் நடித்த பரட்டைக்கு மாளிகையும் இல்லை, படையும் இல்லை. ஊர்ச் சந்தியில் உட்கார்ந்து வம்புபேசும் சாதாரண மனிதனிடமும் கொடுமை குடியிருக்கக்கூடும் என்பதை அப்பாத்திரம் காட்டியது. பரதன் இயக்கிய ‘தேவர் மகன்’ (1992) படத்தில் நாசர் நடித்த மாயத்தேவர், உறவுக்குள் புரையோடிய பகையின் உருவம். அவரைக் கொன்ற நாயகன் அவ்வெற்றியைக் கொண்டாடாமல், ஆயுதங்களைக் கைவிடுமாறு ஊராரிடம் இறைஞ்சிவிட்டுச் சிறை செல்கிறான். மோகன் ராஜாவின் ‘தனி ஒருவன்’ (2015) படத்தில் அரவிந்த்சாமி நடித்த சித்தார்த் அபிமன்யு, மருந்து வணிகத்தையும் அரசையும் ஒருசேர இயக்கும், கைகளில் கறைபடாத அறிவாளியாக வருகிறான்.

இவ்வாறு நிலைத்த பாத்திரங்களை ஒருங்கே வைத்து நோக்கினால், மூன்று கூறுகள் பொதுவாக இருப்பது புலப்படும். முதலாவது வரவு: எதிர்நாயகன் யார், எத்தகைய ஆற்றலுடையவன் என்பதைக் கதை பார்வையாளருக்கு நின்று காட்டவேண்டும். இரண்டாவது குரல்: அவன் அடிவாங்குவதற்காக மட்டும் வராமல், தன் தரப்பைத் தானே பேசவேண்டும், புஷ்கர்–காயத்ரி இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017) வேதாளக் கதையின் அமைப்பைப் பயன்படுத்தி, ஒவ்வொரு கதையின் முடிவிலும் காவலரை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமையைக் குற்றவாளிக்கே அளித்தது. மூன்றாவது காரணம்: அவனுடைய தீமை ஏதேனும் ஒரு மனித உணர்விலிருந்து முளைத்திருக்கவேண்டும், நீலாம்பரியின் கொடுமை, மறுக்கப்பட்ட விருப்பமும் அடிபட்ட செருக்கும் பல ஆண்டுகளாக அடைகாக்கப்பட்டதன் விளைவே ஆகும். இராமாயணத்தைக் காட்டுச் சூழலில் மறுவாசிப்புச் செய்த மணிரத்னத்தின் ‘ராவணன்’ (2010) இம்மூன்றையும் விக்ரம் நடித்த வீரா என்னும் பாத்திரத்துக்கு வழங்கி, நீதியின் காவலனாகிய கணவனே மனைவியின் நம்பிக்கையை வேட்டைக்குப் பயன்படுத்துவதையும் காட்டியது.

எனினும் எதிர்நாயகனுக்குக் குரல் கொடுப்பதில் ஓர் இடரும் உண்டு. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) படத்தில் ஃபஹத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு, சாதி ஆணவத்தைக் கண்டிப்பதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். ஆயினும் படம் இணையத்தளத்தில் வெளியானபின், அப்பாத்திரத்தின் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து, சாதிப் பெருமை பேசும் பாடல்களை இணைத்துச் சமூக ஊடகங்களில் பரப்பினர். படம் எதைக் கண்டித்ததோ அதுவே அத்துண்டுகளில் கொண்டாடப்பட்டது. நடிப்பின் வலிமையை இதற்குக் குறைகூற முடியாது. வரவு தனியாகவும் வீழ்ச்சி தனியாகவும் பிரிக்கப்பட்டதே இதன் மூலகாரணம்.

கூத்துக் களரியில் அத்தகைய பிரிவுக்கு இடமிருக்கவில்லை. முன்னிரவில் இராவணனின் வரவை வியந்து பார்த்த ஊர்மக்களே, விடியும்வரை இருந்து அவன் உறவுகளை இழப்பதையும் தானும் மாய்வதையும் பார்த்தனர். பெருமையும் பிழையும் ஒரே இரவில், ஒரே சபையின் முன் கணக்குத் தீர்க்கப்பட்டன. ஆகவே பிடித்த வில்லன்களைப் பட்டியலிடும் இரசிகர் கைக்கொள்ளத்தக்க அளவுகோல், அவனுடைய நுழைவுக் காட்சி எவ்வளவு மிடுக்காக இருந்தது என்பதன்று; அந்த மிடுக்குக்கு அவன் கொடுத்த விலையையும், அவனால் பிறர் கொடுத்த விலையையும் படம் இறுதிவரை காட்டியதா என்பதே ஆகும். அந்த அளவுகோலில் தேறும் படங்களில், வில்லன்மீது கொள்ளும் வியப்பு அவன் செய்த தீமைக்கு ஒப்புதல் ஆகிவிடுவதில்லை.