மாந்தோப்பில் பெருக்கல்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, தாமலசெருவைச் சுற்றிலும் வரிசை பிசகாமல் நடப்பட்டுள்ள மாமரங்களைப் பார்க்கிறபோதெல்லாம், குழந்தைக்குப் பெருக்கலை அறிமுகம் செய்ய இதைவிடச் சௌகரியமான படம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வரிசைக்கு 23 மரமாக 14 வரிசை கொண்ட தோப்பொன்றை வைத்துக்கொள்வோம். இருபத்துமூன்றாம் வாய்ப்பாடு எந்தப் பிள்ளைக்கும் பாடமில்லை. ஆயினும் இருபதாவது மரத்தை அடுத்து நெடுக்கே ஒரு கயிறும், பத்தாவது வரிசையை அடுத்துக் குறுக்கே ஒரு கயிறும் கட்டிவிட்டால், தோப்பு நான்கு துண்டுகளாகி, 200, 30, 80, 12 என்று ஒவ்வொன்றும் தெரிந்த கணக்காகவே நிற்கிறது. கூட்டினால் 322.

இதை எழுத்தில் மட்டும் கற்ற பிள்ளைகள், இருபதைப் பத்தாலும் மூன்றை நான்காலும் பெருக்கி, 212 என்று விடையெழுதித் திருப்தியடைந்துவிடுவார்கள். கோபித்துப் பிரயோஜனமில்லை. கட்டம் போட்ட தாளில் தோப்பை வரையச் சொல்லி, எந்தத் துண்டின் மரங்கள் எண்ணப்படவில்லை என்று கேட்டால், விடுபட்ட 110 மரங்களையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்ணைப் பிளந்து பெருக்கும் இம்முறை மேல்நாட்டுப் புதுமை என்று ஐயுறுவோர் உண்டு. 1150-இல் 'லீலாவதி'யை இயற்றிய பாஸ்கராசாரியரோ, 135-ஐ 12-ஆல் பெருக்கும் ஒரே கணக்குக்குப் பல மார்க்கங்களைக் காட்டுகிறார்: பன்னிரண்டை எட்டும் நான்குமாகப் பிளந்து பெருக்கிக் கூட்டலாம், மூன்றால் பெருக்கியதை நான்கால் பெருக்கலாம், இருபதால் பெருக்கி, எட்டு மடங்கைக் கழித்துவிடவும் செய்யலாம். எவ்வழியிலும் 1620 தான். கடைசி மார்க்கமே என் அபிப்பிராயத்தில் ரசமானது. 19 ரூபாய்ச் சாமானை இருபதாக வைத்துக் கணக்கிட்டு, மிகுதியைக் கழித்துக்கொள்ளும் கடைக்காரர் செய்வதும் அதுவே.

பத்து வரை வாய்ப்பாடு மட்டும் அவசியம் வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்று விரல்விடும் குழந்தைக்கு, எண்ணைப் பிளப்பதனால் சிரமம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. தெலுங்குப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லும் 'எக்காலு' என்ற வாய்ப்பாட்டுக்கு அந்த மட்டில் நான் விரோதியல்லேன். பதினொன்று முதல் இருபது வரை உருப்போடும் காலத்தைத்தான் கட்டத் தாளுக்குத் தரச் சொல்கிறேன்.

அந்த அவகாசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் வேண்டியிருப்பதில்லை. சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் சேர்ந்திருந்த மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிக் கல்வி மையத்தில், ஓராசிரியரே பல வகுப்புகளையும் கவனிக்கவேண்டிய கிராமப் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகளும் கற்றல் ஏணியும் வகுத்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அதன் வழித்தோன்றலே. அவ்விதப் பள்ளியில், ஒருவன் தோப்பை இரண்டாகப் பிரிக்கும் அட்டையிலேயே ஒரு வாரம் நிற்க, பக்கத்திலிருப்பவள் நான்கு துண்டுகளுக்குப் போய்விட்டாலும், இருவருக்கும் பாதகமில்லை.