மதிப்பெண் இலக்கும் கடைக் கணக்கும்

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் நமக்கு மே மாதம்தான் சீசன். கோடை விழாக் கூட்டத்தில் கல்லாவை விட்டு எழ முடியாது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நீட் தேர்வு நடந்தது அதே மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான். சீசனுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடும் நாம், பிள்ளையின் தேர்வுக்கு மட்டும் "அறுநூறுக்கு மேல் வாங்கிவிடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எண்ணிக்கை தவறினால் வட்டிக்குப் பணம் வாங்கி மறுபடியும் பயிற்சி மையத்தில் சேர்க்கிறோம். பிள்ளையோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சேலம் லீ பஜாரில் சரக்கு எடுக்கும்போது இப்படியா செய்கிறோம்? போன சீசனில் எத்தனை மூட்டை ஓடியது என்று பேரேட்டைப் பார்த்தல்லவா எடுக்கிறோம்? பிள்ளைக்கும் ஒரு பேரேடு உண்டு. அதுதான் மாதிரித் தேர்வின் விடைத்தாள்.

2025 நீட் தேர்வில் 180 வினாக்கள், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். ஒரு மாணவர் 100 வினாக்களுக்குச் சரியாகவும் 60-க்குத் தவறாகவும் எழுதி, 20-ஐ விட்டுவிட்டால் 340 வரும். அந்த 60-ல், தெரிந்தும் அவசரத்தில் பிசகியவை 10 என்று வைத்துக்கொள்வோம். அவற்றைத் திருத்தினால் ஒன்றுக்கு 5 வீதம் 50 கூடி 390 ஆகும். புதுப்பாடம் எதுவும் படிக்க வேண்டியதில்லை. கடையில் சேதாரத்தை நிறுத்துவது போலத்தான். ஆகவே முதல் இலக்கு 390. அதை எட்டிய பிறகே அடுத்த படி.

பொறியியலுக்கு 1984-ல் வந்த மாநில நுழைவுத் தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. இப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணிதத்தில் 10 கூடினால் கட்-ஆஃபில் முழுசாக 10 ஏறும். இயற்பியலில் 10 கூடினால் 5 மட்டுமே. உழைப்பை எங்கே போடுவது என்பது இதிலேயே தெரிகிறது.

விரும்பும் கல்லூரியில் நம் பிரிவுக்குச் சென்ற ஆண்டு இருந்த கட்-ஆஃபையும் பிள்ளை இன்று எடுக்கும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டென்பதையும் மறக்க வேண்டாம். தூரம் அதிகமென்றால் இன்னொரு படிப்புக்கும் விண்ணப்பித்து வையுங்கள். ஒரே சரக்கை நம்பி நாம் கடை திறப்பதில்லையே!

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேர்வு முடியும்வரை பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். சேலத்தில் தேர்வென்றால் முதல் நாளே மலையிறங்கிவிடுங்கள். சீசன் அடுத்த ஆண்டும் வரும்.