இலவச வக்கீல் மாறினால் உங்கள் வழக்கு என்ன ஆகும்?

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தீர்கள். உங்களிடம் பணம் வாங்காமல் வழக்கு நடத்த ஒரு வக்கீலை அமர்த்திக் கொடுத்தார்கள். சில வாய்தாக்களுக்கு அவரே வந்தார். இப்போது போய்க் கேட்டால், "அவர் இங்கே இல்லை, உங்கள் கேஸை இனி வேறொருவர் பார்ப்பார்" என்கிறார்கள். வழக்கு நின்றுவிடுமா, புதியவர் காசு கேட்பாரா, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா என்று கவலை வருவது இயல்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வக்கீல் போனால் உதவியும் போய்விடுமா? போகாது. உங்களுக்கு உதவி தர ஒப்புக்கொண்டது ஆணைக்குழு. அந்த வக்கீல் அதன் சார்பில் வந்தவர். ரேஷன் கடை ஊழியர் மாறினால் குடும்ப அட்டை செல்லாமல் போவதில்லை அல்லவா, அதுபோலத்தான். இந்த உதவிக்கு அடிப்படை, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலிலும் சிறையிலும் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் அது உதவி தருகிறது. மற்றவர்களுக்கு மாநில அரசு வகுத்த வருமான வரம்பு உண்டு. வக்கீல் மாறியதால் இந்தத் தகுதி எதுவும் மாறாது. அதே வழக்குக்குப் புதிதாக மனு போட வேண்டியதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பதற்றத்தில் கடன் வாங்கித் தனியாக ஒரு வக்கீலை வைத்துவிடாதீர்கள். நீங்களே வேறு வக்கீலை அமர்த்திக்கொண்டால், கொடுத்த உதவியைத் திரும்பப் பெற ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. முதலில் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏன் இப்படி ஆள் மாறுகிறார்கள்? பழைய முறையில், தனியாகத் தொழில் செய்யும் வக்கீல்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஆணைக்குழுவிடம் இருக்கும். வழக்கு வரும்போது அதிலிருந்து ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். இவர்களைப் பேனல் வக்கீல்கள் என்பார்கள். அந்தப் பட்டியல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி அமைக்கப்படும்.

குற்ற வழக்குகளுக்கு இப்போது வேறொரு ஏற்பாடு வந்திருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, மாவட்டங்களில் சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் (குற்றம் சாட்டப்பட்டவருக்காக முழுநேரமும் வேலை செய்யும் வக்கீல்களின் அலுவலகம்) அமைக்கப்படுகிறது. தலைமை வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணை வழக்கறிஞருக்கு 7 ஆண்டு. உதவி வழக்கறிஞர்கள் தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டுக்கு உட்பட்ட இளையவர்கள். இவர்கள் வெளியே தனி வழக்கு எடுக்கக் கூடாது.

இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். காலையில் கைதானவருக்காக ரிமாண்டின்போதே (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடும் நேரம்) நிற்க, அதே வேலையாக இருக்கும் ஒருவர் வேண்டும். ஆனால் இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. இவர்களின் நியமனம் முதலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிக்கப்படும். ஒரு கொலை வழக்கு எளிதாக அதைவிட நீண்ட காலம் நடக்கும். இளைய வக்கீல் நீதித்துறைத் தேர்வில் வென்று போகலாம், சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். ஆகவே உங்கள் வழக்கு முடிவதற்குள் ஆள் மாறக்கூடும் என்று தொடக்கத்திலேயே எதிர்பார்த்து வைப்பது நல்லது.

அப்படியானால் என் வழக்கு எந்த அலுவலகத்துக்குப் போகும்? குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மேலே சொன்ன முழுநேர அலுவலகம். புகார் கொடுத்தவர், பாதிக்கப்பட்டவர் என்றால் அங்கே போக முடியாது. எதிர்த்தரப்புக்காக இருக்கும் அலுவலகம் அது. உங்களுக்குப் பேனல் வக்கீல் வருவார். ஜீவனாம்சம், விவாகரத்து, சொத்து, வாடகை, விபத்து இழப்பீடு எல்லாம் இன்னும் பேனல் வக்கீல்களிடம்தான். கணவர் மீது குற்ற வழக்கும் தனியாக ஜீவனாம்ச வழக்கும் நடத்தும் ஒரு பெண்ணுக்கு, முதலாவதில் அவர் பாதிக்கப்பட்டவர், இரண்டாவதில் மனுதாரர். இரண்டிலும் பேனல் வக்கீல்தான்.

சரி, ஆள் மாறும்போது உண்மையில் எது கெட்டுப்போகும்? தேதி. வழக்கின் பலம் குறைவதைவிட, யாரும் கவனிக்காத ஒரு கெடு தாண்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் சிறையில் இருக்கிறார், போலீஸ் இன்னும் குற்றப்பத்திரிகை போடவில்லை என்று வையுங்கள். தூக்கு, ஆயுள் அல்லது பத்து ஆண்டு, அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள் போலீஸுக்கு அவகாசம். சில சிறப்புச் சட்டங்களில் இது நீளும். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. ஆனால் அது தானாகக் கிடைக்காது. மனு போட வேண்டும். மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. பழைய வக்கீல் 58-ஆம் நாள் விலகி, புதியவர் 65-ஆம் நாள் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து நீங்களே நாள் எண்ணி வாருங்கள். காலண்டரில் வட்டம் போட்டால் போதும்.

தண்டனை வந்துவிட்டால் இன்னொரு கெடு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றம் போக 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக பொதுவாக 60 நாள். உயர் நீதிமன்றத்தில் வக்கீல் அமர்த்துவது அங்குள்ள சட்டப்பணிகள் குழு. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உண்டு. மாவட்ட அலுவலகம் வழியாகவே மனுவை அனுப்பலாம். சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே போதும், அவர் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

சிவில் வழக்கில், வக்கீல் வராமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு (உங்கள் தரப்பைக் கேட்காமலே சொல்லப்படும் தீர்ப்பு) வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோர 30 நாள் இருக்கிறது. வக்கீல் வராத தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று 1981-லேயே ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் போடலாம். ஆனாலும் நடந்த பின் சரிசெய்வது அலைச்சல். வராமல் தடுப்பதே மேல்.

அடுத்த வாய்தா என்று என்பதை வக்கீல் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சிஎன்ஆர் எண் (நாடு முழுவதும் உங்கள் வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்) இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, எந்த நீதிமன்றம், கடைசியாக என்ன நடந்தது எல்லாம் தெரியும். செல்போன் பழக்கமில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். ஆணைக்குழு அலுவலகத்திலும் பார்த்துச் சொல்வார்கள். இந்த எண்ணை எழுதி வைக்காதவர்கள் இன்றே எழுதி வையுங்கள்.

பழைய வக்கீலிடம் இருக்கும் காகிதங்கள்? அவை உங்களுடையவை. கட்டணம் பாக்கி என்று சொல்லிக்கூட ஒரு வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-இல் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவச வழக்கில் பாக்கி என்ற பேச்சே கிடையாது. கட்டு கை மாறும்போது உடன் இருக்க முடிந்தால் இருங்கள். எது எது மூலம், எது நகல் என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பட்டா, திருமணப் பதிவுச் சான்று போன்றவற்றின் மூலப்பிரதி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

பிறகு வக்காலத்து (உங்களுக்காக வாதாட நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரம்). பழைய வக்கீல் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் புதியவர் வக்காலத்து போடுவது எளிது. அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நீதிமன்ற அனுமதி பெற்று மாற்றலாம். அது வரை வழக்கு ஆளில்லாமல் நிற்கும் என்பதால், வாய்தா அன்று நீங்களே நேரில் போய், "எனக்குச் சட்ட உதவி வக்கீல் மாறுகிறார், அவகாசம் வேண்டும்" என்று சொல்லுங்கள். நீதிபதியிடம் நேரில் பேசத் தயங்க வேண்டாம். அது உங்கள் வழக்கு.

பழையவரிடம் மனம்விட்டுச் சொன்ன ரகசியங்கள்? அவற்றை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. அவர் உங்கள் வழக்கை விட்ட பிறகும் இந்தக் கடமை தொடரும். அவருடைய குமாஸ்தாவுக்கும் உண்டு. புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. ஆகவே புதியவரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். முந்தையவருக்குத் தெரிந்தது இவருக்கும் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டில் எழுதப்படாதது எதுவும் இவருக்குத் தெரியாது.

புதியவருக்குப் படிக்க நேரம் கிடைக்குமா? கேட்டு வாங்க வேண்டும். ஆயுள் அல்லது தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்கில், சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராகப் பொதுவாக 7 நாளாவது தர வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரைச் சந்திக்க வசதி செய்ய வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்த வழக்கில் வக்கீலுக்குத் தயாராக நேரமே தராமல் அவசரமாக முடித்த விசாரணையில் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது.

முந்தைய வக்கீல் சரியாகக் குறுக்கு விசாரணை செய்யவில்லை, சாட்சியைத் திரும்ப அழைக்கலாமா? மனு போடலாம், ஆனால் எளிதில் கிடைக்காது. வக்கீல் மாறினார் என்பது மட்டுமே போதுமான காரணம் இல்லை என்று 2015-இல் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன கேள்வி விடுபட்டது, அது ஏன் முக்கியம் என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு சாட்சி விசாரணைக்கும் நீங்கள் போய் உட்கார்ந்து, விட்டுப்போனதைக் குறித்து வைத்திருந்தால் அப்போது உதவும்.

புதியவர் எனக்குப் பிடிக்கவில்லை என்றால்? மாற்றித் தரச் சொல்லிக் காரணத்துடன் எழுதிக் கொடுக்கலாம். மனு செயலாளருக்குப் போக வேண்டும். அவர் ஒரு நீதித்துறை அதிகாரி என்பதால் அவருக்கும் இடமாறுதல் வரும். அதனால் மனுவில் பெயர் எழுதாமல், "செயலாளர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு" என்று பதவிக்கே எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தலைவரான மாவட்ட நீதிபதிக்கு எழுதலாம்.

காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. "புதுசா வந்திருக்கேன், செலவுக்கு ஏதாவது" என்று யாராவது கேட்டால், அதையும் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். ஏழையிடம் இலவசம் என்று சொல்லிவிட்டுக் கை நீட்டுவது பொறுக்கக் கூடாத தவறு.

தொண்டு நிறுவனம் மூலம் வக்கீல் வந்திருந்து, நிதி நின்று அந்த அலுவலகமே மூடப்பட்டால்? உங்கள் கட்டை எழுத்துமூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாவட்ட ஆணைக்குழுவில் புதிய மனு கொடுங்கள். விதிப்படி 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடுத்த வாய்தா அதற்கு முன்பே இருந்தால் மனுவின் மேலேயே தேதியைப் பெரிதாக எழுதுங்கள்.

சட்ட உதவி அலுவலகங்களில் பணிபுரிபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் விலகுகிறார் என்பது அலுவலகத்துக்கு ஒரு நிர்வாகச் செய்தி. கட்சிக்காரருக்கு அது தூக்கம் கெடும் செய்தி. அவர் நேரில் வந்து தெரிந்துகொள்ளும்வரை விடாதீர்கள். அன்றைக்கே போன் செய்து புதிய வக்கீலின் பெயர், எண், அடுத்த வாய்தா மூன்றையும் சொல்லிவிடுங்கள். சிறையில் இருப்பவருக்கு, சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையம் வழியாகச் சேர்ப்பியுங்கள்.

உங்கள் ஊரில் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.