கரையிலிருந்து மலைமுடி வரை: புள்நோக்கலும் நிழற்படமும்

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் கரையோர ஊர்களின் வயல்கட்கு நீரளிக்கும் பேராறு பட்டிப்பளை ஆறு. சிங்களத்திற் கல்லோயா எனப் பெயர் பெறும் இவ்வாறு, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, இங்கினியாகலையைக் கடந்து, கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிற் கடலோடு கலக்கின்றது. இந்நீர் வந்த திசை நோக்கிச் சென்று, அப்பாலுள்ள நடு மலைநாட்டுக் காடுகளையும் கண்டு மீள்வோன், இலங்கையின் பறவைச் செல்வத்திற் பெரும்பகுதியைச் சில நாட்களுள் அறிதல் கூடும். அப்பயணத்திற் காணத்தக்கன யாவை, கமராவுடன் செல்வோன் பேண வேண்டிய நெறி யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

புறப்படுதற்கு ஏற்ற காலம் பெப்புருவரி, மார்ச்சு மாதங்களாகும். வாடைப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும். வடபுலத்திலிருந்து வந்த வலசைப் பறவைகளும் இன்னும் திரும்பியிரா. கரையோரக் களப்புக்களில் உள்ளான்களும் ஆலாக்களும் திரள்வதையும், அறுவடை வயல்களிற் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடுவதையும் முதலிற் காணலாம். மாலையிலும் காலையிலும் கூவுதலால் ஆறுமணிக்குருவி எனப் பெயர் பெற்ற பறவையும் இமயமலையடிவாரம் முதலிய இடங்களிலிருந்து வந்து, நம் தோட்டத்துப் புதர்களிலும் மலைக்காடுகளிலும் குளிர்காலத்தைக் கழிப்பதே.

அம்பாறையைத் தாண்டினால் இங்கினியாகலை அணை எதிர்ப்படும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக எழுந்த சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பரப்பைக் காக்கும் பொருட்டே, 1954 பெப்புருவரி 12ஆந் திகதி, ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் பரப்புள்ள கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பெற்றது. இங்கே படகிலிருந்தே விலங்கும் பறவையும் காணலாம். நீரில் மூழ்கிய குன்றுகளின் முடிகள் தீவுகளாய் நிற்க, யானைகள் அவற்றிடையே நீந்திச் செல்லும். நீர்ப்பறவைகள் கூடுகட்டும் தீவொன்று பறவைத்தீவு என்றே வழங்குகின்றது. கரையிற் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்று மரங்களும் வளர்ந்துள்ளன. அக்காட்டின் உட்புறத்திலிருந்து இருவாசியின் குரல் கேட்கும்.

அங்கிருந்து மகா ஓயா வழியே மகியங்கனையை அடைந்து, பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறினால், நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் ஈரக்காடுகள் தோன்றும். ஆயிரம் மீற்றர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறரைப் பாகையாக வெப்பம் குறைதலின், மரமும் பூச்சியும் பறவையும் படிப்படியாக மாறுகின்றன. நம் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி தாழ்நிலத்துக் காடுகளிலும் உயர்மலையிலும் ஒப்ப வாழும். மற்றுஞ் சில அவ்வாறல்ல. மஞ்சட்காதுச் சின்னானும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் மலைநாட்டுக்கே உரியன. நுவரெலியாவிற் குளிர்காலத்திற் காணப்பெறும் காசுமீர ஈப்பிடிப்பான், வடமேற்கு இமயத்திலிருந்து வந்து இம்மலைகளையும் மேற்குத்தொடர்ச்சி மலையையும் நாடுவது.

ஈரக்காட்டிற் புதியவன் மலைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருமணி நேரம் நடந்தும் ஒரு பறவையும் தென்படாது. திடீரெனப் பல இனப் பறவைகள் ஒருங்கே வந்து மரங்களை நிரப்பி, சில நிமிடத்தில் மறைந்துவிடும். சிங்கராசாக் காட்டில் நெடுங்காலம் ஆராயப்பெற்ற இக்கலப்புக் கூட்டங்களின் உயிர்நாடி சிலம்பன்களும் கொண்டைக் கரிச்சானுமே. சிலம்பன்கள் இலைகளைக் கிளறப் பூச்சிகள் எழும். எழுந்தவற்றைக் கரிச்சான் பற்றும். வல்லூறு வருங்கால் கரிச்சானின் எச்சரிக்கைக் குரல் யாவரையும் காக்கும். ஆதலின் பறவையைத் துரத்துவோனிலும் ஓரிடத்தில் அமைந்திருப்போனே மிகுதியாகக் காண்பான்.

முற்காலத்திற் பறவையியல் துப்பாக்கியாலேயே வளர்ந்தது. 1880இல் நிறைவெய்திய லெக்கின் இலங்கைப் பறவை நூலுக்குச் சுட்டுப் பதனிட்ட உடல்கள் பெருந்துணையாயின. 1955இல் வெளிவந்த ஹென்றியின் கைந்நூல், அவரே தீட்டிய ஓவியங்களுடன், உயிர்ப்பறவையைக் கண்டறியும் வழியைப் பலர்க்கும் திறந்தது. 1995இற் குரலால் மட்டும் அறியப்பெற்று, 2001இற் கண்ணாற் காணப்பெற்று, 2004இற் புதிய இனமென விவரிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தை, பொறுமையுடன் செவிமடுத்தலின் பயனுக்குச் சான்றாகும்.

எனினும் கமராவுந் தீங்கு செய்யவல்லது. கூட்டைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டிக் கிளையை ஒதுக்கினால், வெயிலும் காக்கையும் குஞ்சுகளை அழித்துவிடும். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பினால், ஆண்பறவை இல்லாத பகைவனைத் தேடி இரையையும் கூட்டையும் மறக்கும். காட்டின் மங்கலொளியில் மின்னொளி பாய்ச்சுதல் ஆந்தை முதலிய இராப்பறவைகட்கு இடர். தாங்கியில் நிலைநிறுத்திய நீண்ட வில்லையும், விடியற்பொழுதின் ஒளியும், அசையாதிருக்கும் உடலுமே போதியன. பறவை அழைப்பொலி எழுப்பின் அல்லது கூட்டிற்குத் திரும்பத் தயங்கின், படம் கிடைக்காவிடினும் விலகுதலே முறை.

அடக்கமாகப் பெற்ற படத்தின் பயன் பெரிது. நாள், இடம், உயரம் மூன்றும் குறிக்கப்பெற்ற படம் அறிவியற் சான்றாகும். உலகம் வெப்பமுறுந்தோறும் தாழ்நிலத்து உயிர்கள் மேலேறித் தப்பலாம். ஹோர்ட்டன் சமவெளியின் முகிற்காட்டில் வாழும் பறவைக்கோ ஏறிச்செல்ல வேறு மலையில்லை. அச்சமவெளியில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவதும் பல்லாண்டுகளாக அறியப்பட்டதே. எந்தப் பறவை எவ்வுயரத்தில் எந்நாளில் இருந்தது என்னும் குறிப்பு இன்றேல், அது குறைந்து வருவதை எவ்வாறு அறிவோம்?

முகிற்காட்டின் பாசி பனித்துளியைப் பற்றிச் சொட்டுச்சொட்டாக மண்ணுக்கு ஈயும். மலைச்சரிவின் காடு மழைநீரைத் தேக்கி மெல்ல ஆற்றுக்கு விடும். மலைக்காட்டின் நலத்தைப் பறவை காட்டும். அந்நலத்தின் பயனைச் சமவெளி உழவன் துய்ப்பான். ஆகவே நம் மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் ஊர்க்களப்பிலேயே இப்பணியைத் தொடங்குவாராக. தம் வயலோரப் பறவைகளை ஓராண்டு தொடர்ந்து பதிவுசெய்தவனே மலைக்காட்டிற்குச் செல்லும் தகுதியுடையவன்.