ஒரு குழந்தை இறந்த பிறகு

1945 ஜனவரி 9. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், மின்ஸ்டர்லிக்கு அருகே ஒரு பண்ணை வீடு. டென்னிஸ் ஓ'நீல் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் அங்கே உயிரை விட்டான். வேல்ஸின் நியூபோர்ட் நகராட்சி தன் பொறுப்பில் எடுத்து வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைத்திருந்த பிள்ளை. பசி பொறுக்காமல் பசுவின் மடியில் நேரடியாக வாய்வைத்துப் பால் குடித்தான் என்று அவன் தம்பி நீதிமன்றத்தில் சொன்னான். ஒரு கிழங்கைக் கடித்துவிட்டான் என்பதற்காகக் கடைசி அடி விழுந்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒரு காகிதம். அவன் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, டிசம்பர் 20 அன்று, நியூபோர்ட்டிலிருந்து ஒரு பெண் ஊழியர் வந்து பார்த்தார். பிள்ளைகளை இங்கிருந்து அழைத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் கழிந்தது, புத்தாண்டும் கழிந்தது. காகிதம் மட்டும் நகரவில்லை.

உலகப் போர் இன்னும் ஓயாத நேரம். அதற்கு நடுவிலும் செய்தித்தாள்கள் இந்தப் பையனுக்கு இடம் கொடுத்தன, மக்கள் கொதித்தார்கள். வளர்ப்புத் தந்தைக்குச் சிறை, வளர்ப்புத் தாய்க்கும் சிறை. கோபம் அதோடு அடங்கிவிடவில்லை. பிள்ளையை அனுப்பியது ஒரு ஊர், அவன் வாழ்ந்தது வேறு ஊர். கண்காணிக்க வேண்டியது யார் என்ற கேள்வியை நாடு விடவில்லை. சர் வால்டர் மான்க்டன் விசாரித்து, அந்த மே மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தார். வீடில்லாத பிள்ளைகளின் நிலையை ஆராய மைரா கர்ட்டிஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1948-இல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் குழந்தைகள் குழு, அதற்கென்றே ஒரு அதிகாரி. அகதா கிறிஸ்டி எழுதி, 1952 முதல் லண்டனில் நடந்துவரும் 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்தின் பின்னணியிலும் இந்தப் பையனின் சாவுதான் இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 1973 ஜனவரியில், பிரைட்டனில் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். எலும்பும் தோலுமாய்த் தள்ளுவண்டியில் நிலக்கரி இழுத்துச் செல்வதை அக்கம்பக்கத்தார் பார்த்து, திரும்பத் திரும்பப் புகார் சொல்லியிருந்தார்கள். விசாரணை நடந்தபோது, அவளுக்குப் பொறுப்பாயிருந்த சமூகப் பணியாளரைப் பார்த்துக் கூட்டம் கூச்சலிட்டது. காற்று திசை மாறியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி 2007. லண்டனின் ஹாரிங்கே. பீட்டர் என்ற பதினேழு மாதக் குழந்தை; செய்திகளில் 'பேபி பி'. எட்டு மாதத்தில் சமூகப் பணியாளர்கள், மருத்துவர்கள், போலீசார் என்று அறுபது முறை அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறார்கள். ஜூலை 30 அன்று வீட்டுக்கு வந்த பணியாளருக்குக் குழந்தையின் காயங்கள் தெரியாதபடி, முகத்திலும் கையிலும் சாக்லேட்டைப் பூசி உட்கார்த்தி வைத்திருந்தாள் தாய். நான்காம் நாள் குழந்தை இறந்தது. ஏழே ஆண்டு முன்பு, 2000-இல், விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியைக் காக்கத் தவறியதும் இதே ஹாரிங்கேதான். அவள் சாவை விசாரித்த லார்டு லேமிங் 108 பரிந்துரைகள் தந்திருந்தார்; 2004-இல் புதுச் சட்டமும் வந்திருந்தது.

2008 நவம்பரில் பீட்டர் வழக்கில் தீர்ப்பு வந்ததும் நாடு வெடித்தது. 'தி சன்' நாளிதழின் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. அதன் கோரிக்கை, சம்பந்தப்பட்ட பணியாளர்களை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்பது. டிசம்பர் முதல் தேதி அமைச்சர் எட் பால்ஸ் தொலைக்காட்சி காமிராக்களின் முன்னால் ஹாரிங்கே குழந்தைகள் துறைத் தலைவர் ஷாரன் ஷூஸ்மித்தை நீக்குவதாக அறிவித்தார். பணியாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஷூஸ்மித்திடம் முறையாக விளக்கம் கேட்காமல் அவரை நீக்கியது சட்டவிரோதம் என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது, முன்பு கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். சாக்லேட் பூசிய அந்த முகத்தை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதன் பலன் என்ன? பயந்துபோன அலுவலகங்கள் நீதிமன்றத்துக்கு ஓடின. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கேட்கும் மனுக்கள் சில ஆண்டுகளில் ஆறாயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டின. சமூகப் பணியாளர் வேலைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடாயிற்று. 2009-இல் லேமிங் மறுபடி ஆராய்ந்து சொன்னதும் அதுதான்: ஒவ்வொருவர் தலையிலும் சுமை மிஞ்சிக் கிடக்கிறது, பயிற்சி போதவில்லை, மனம் சோர்ந்திருக்கிறார்கள்.

1945-இல் நகராமல் கிடந்த காகிதத்துக்காக ஒரு நாடே தன் அலுவலகத்தை மாற்றிக் கட்டியது. 2008-இல் அதே அளவு கண்ணீர் சில பேரை விரட்டுவதில் கரைந்தது.

குழந்தைக்காகக் கொதிக்கிறவர்கள் குற்றவாளிக்குத் தண்டனை கேளுங்கள், அது நியாயம். அந்த மாதிரி இன்னொரு வாசலில் அடுத்த வாரம் போய் நிற்கப்போகிறவர் தலையில் எத்தனை குடும்பங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.