தாழ்ந்த நிலத்தைத் தூக்குமுன் தண்ணீரைத் தேடுவோம்

வெள்ளவத்தையில் கால்வாய்க்கு அண்மையிலுள்ள ஒழுங்கை ஒன்றிலிருந்து சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் எம்மை அழைத்தது. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்து வாழ்ந்து, போரினால் பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர்கள். பல ஆண்டு உழைப்பில் வாங்கிய பழைய வீடு அது. அதன் குசினி நிலம் பின்சுவர் ஓரமாக இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. நிறுவனம் ஒன்றின் முகவர் வந்து பார்த்து, துளையிட்டு நுரை செலுத்தினால் அரை நாளில் நிலம் மட்டத்துக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவர் கேட்ட தொகையோ, ஊரில் கூரையின்றி நிற்கும் வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது.

"பாதர், இதைச் செய்தால் ஊர் வீட்டுக்குக் கூரை போடேலாது. செய்யாட்டி இஞ்சை சமைக்கேலாது. என்ன செய்யிறது?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அதே வாரத்தில் கொட்டாஞ்சேனையிலும் இதே கதை. அங்கே வாடகை வீடு; குளியலறைக்கு வெளியே நடை நிலம் குழிந்திருந்தது. எமக்குப் பழக்கமான பொறியியலாளர் ஒருவரையும் வயதான மேசன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு வீடுகளுக்கும் போனோம். அங்கே கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நிலம் ஏன் தாழ்கிறது?

வீட்டுச் சுவர் அத்திவாரத்தில் நிற்கிறது. நிலத்துக் கொங்கிறீற்றோ பெரும்பாலும் உள்ளே நிரப்பிய மண்ணின் மேல்தான் கிடக்கிறது. அந்த மண் இறங்கினால் கொங்கிறீற்றின் கீழ் வெற்றிடம் உண்டாகிறது. சுத்தியலால் தட்டினால் வெறும் பானையைத் தட்டுவதுபோல் ஓசை கேட்கும். பின்னர் ஒரு நாள் கொங்கிறீற்று வெடித்து இறங்குகிறது.

மண் இறங்குவதற்கு முக்கிய காரணங்கள் மூன்று. நிரப்பும்போது சரியாக இடிக்காமல் விட்டது ஒன்று. தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போவது இன்னொன்று. மூன்றாவது, அடியிலுள்ள இயற்கை மண்ணே மென்மையாக இருப்பது. கொழும்பு சதுப்பு நிலங்களுக்கு நடுவே வளர்ந்த நகரம். 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. தாழ்ந்த பகுதிகள் பலவற்றில் அடியில் இருப்பது மக்கிய தாவரங்கள் சேர்ந்த கரிய மண். பாரம் ஏற ஏற அது பல ஆண்டுகளுக்கு நசுங்கிக்கொண்டே இருக்கும்.

மூன்று வழிகள்

முதலாவது பழைய வழி: உடைத்து, மண்ணை இடித்து இறுக்கி, மீண்டும் கொங்கிறீற்றுப் போடுவது. தூசியும் அலைச்சலும் அதிகம், நாட்கள் பிடிக்கும். ஆனால் அடியில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் காணலாம்.

இரண்டாவது, துளையிட்டு மணலும் சீமெந்தும் கலந்த குழம்பைப் பம்பினால் செலுத்தித் தூக்குவது. ஏறக்குறைய இரண்டு அங்குலத் துளைகள் வேண்டும். குழம்பு பாரமானது, இறுகச் சில நாட்கள் செல்லும்.

மூன்றாவது நுரை. இது பொலியூரித்தேன் என்னும் பொருள். 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவர் கண்டுபிடித்தது. விரல் பருமனுள்ள துளைகள் வழியே இரண்டு திரவங்கள் கலந்து உள்ளே போகின்றன. அவை பல மடங்கு பொங்கிக் கொங்கிறீற்றைத் தூக்கிச் சில நிமிடங்களில் இறுகிவிடுகின்றன. ஒரு கன மீற்றர் ஈரமண் ஏறக்குறைய 1,800 கிலோ. இறுகிய நுரை ஐம்பது கிலோ அளவில்தான் இருக்கும். மென்மையான மண்ணுக்குப் பாரம் ஏற்றாமல் நிலத்தைத் தூக்குவது இதன் உண்மையான நன்மை. நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரில் 2011 நிலநடுக்கத்தின் பின் பல வீடுகளை மட்டப்படுத்த இம்முறை உதவியது. எனவே முகவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு.

கொட்டாஞ்சேனையில் கண்டது

மேசன் ஐயா குழிந்த இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி உடைத்தார். கீழே கழிவுநீர்க் குழாய் பொருத்தில் விலகியிருந்தது. ஒவ்வொரு முறை குளிக்கும்போதும் தண்ணீர் கசிந்து மணலைக் குழாய்க்குள் இழுத்துச் சென்றிருக்கிறது. அங்கே நுரையைச் செலுத்தியிருந்தால் அது அந்த விலகலுக்குள் புகுந்து குழாயையே அடைத்திருக்கும். வீட்டின் கழிவுநீர் முழுவதும் உள்ளே திரும்பியிருக்கும். குழாயை மாற்றி, மண் போட்டு இடித்து, கொங்கிறீற்றுப் போட்டார்கள். வேலை ஐந்து நாள். செலவை ஏற்கும்படி வீட்டுக்காரரிடம் நாமும் பேசினோம்; வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

வெள்ளவத்தையில் கண்டது

அங்கே குழாய் நன்றாகவே இருந்தது. ஆனால் நிலம் முன்னர் இரு தடவை தாழ்ந்தபோது, மேலே கொங்கிறீற்றுப் போட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மூன்று அங்குலம். ஒரு சதுர மீற்றருக்கு மூன்று அங்குலக் கொங்கிறீற்று 180 கிலோ. பத்தடிக்கு எட்டடியான அந்தக் குசினியில் 1,300 கிலோவுக்கு மேல் புதிய பாரம்! திருத்தம் என்று நினைத்துச் செய்ததே நிலத்தை மேலும் அமுக்கியிருக்கிறது.

இது எளியவர்களுக்கு மட்டும் நேர்ந்த தவறல்ல. இத்தாலியின் பீசா கோபுரத்தை நிமிர்த்தவென 1934 இல் அடியில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டுச் சீமெந்துக் குழம்பு செலுத்தினார்கள். கோபுரம் மேலும் சாய்ந்தது. 1990 இல் அதை மூடி, பல ஆண்டுகள் மண்ணை ஆராய்ந்து, உயர்ந்த பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தே சாய்வைக் குறைத்து, 2001 இல் மீண்டும் திறந்தார்கள்.

வெள்ளவத்தை வீட்டுக்கு நுரை பொருந்தாது என்று பொறியியலாளர் சொல்லவில்லை. "பாரத்தைக் குறைக்காமல் தூக்கினால், அடிமண் இன்னும் நசுங்கும், சில வருடத்தில் திரும்பவும் இறங்கும்" என்றார். குசினிச் சுவர்களின் அத்திவாரம் உறுதியாக இருந்ததால் வேறு வழி காட்டினார். பழைய அடுக்குகளை எல்லாம் உடைத்து அகற்றி, கம்பி கட்டிய கொங்கிறீற்றுத் தட்டு ஒன்றை மண்ணின்மேல் அல்லாமல் அத்திவாரச் சுவர்களின்மேல் தாங்கும்படி போட்டார்கள். மூன்று வாரம் விறாந்தையில் சமையல், வீடெங்கும் தூசி. ஆனால் கூரைப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியது.

முகவரிடம் கேட்க வேண்டியவை

நுரை வேலை பொருத்தமான இடங்களும் உண்டு. கொங்கிறீற்று உடையாமல் இருந்து, தண்ணீர்க் கசிவு நின்று, நோயாளியையோ கடையையோ அசைக்க முடியாத நிலையென்றால் அது நல்ல வழியே. அப்போதும் கையொப்பமிடுமுன் கேளுங்கள்:

மண் ஏன் இறங்கியது என்று பார்த்தீர்களா? குழாய்கள் எங்கே போகின்றன, அவற்றைச் சோதித்தீர்களா? மீண்டும் இறங்கினால் யார் பொறுப்பு, அதை எழுதித் தருவீர்களா? வேலை நடக்கும்போது வீட்டார் எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும்?

இறுகுமுன் அந்தத் திரவங்களின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. இழுப்பு நோயுள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் நிற்கக்கூடாது. அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் இறக்குவது கடினம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அவசரப்படவும் வேண்டாம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கவனியுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு வளர்ந்தால் மண் இன்னும் இறங்குகிறது. காரணத்தைக் காணாமல் பணம் செலவிட வேண்டாம்.

ஊரில் கட்டப்போகிறவர்களுக்கு

ஊர் திரும்பிக் கட்டும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் முக்கியமானது. 2012 முதல் இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா தவணைகளாகக் கிடைத்தது. குடும்பங்களே நின்று கட்டினார்கள். அடுத்த தவணையை எதிர்பார்த்து அவசரமாக மண்ணைக் கொட்டி மூடிய நிலங்கள் சில பின்னர் வெடித்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

குளக்கட்டை ஒரே நாளில் கொட்டிக் குவிப்பதில்லை என்பது கமக்காரருக்குத் தெரியும். வீட்டு நிலமும் அப்படித்தான். ஆறு அங்குலம் மண் போட்டு, அளவாக நனைத்து, கட்டையால் இடியுங்கள். குதிக்கால் பதியாத அளவுக்கு இறுகிய பின்னரே அடுத்த ஆறு அங்குலம். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மழையில் வீங்கிக் கோடையில் சுருங்கும். அதை நிலத்துக்கு நிரப்பாமல் கிறவல் மண்ணைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தின் அருகே தேங்காமல் வழி விடுங்கள். கொங்கிறீற்றை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருங்கள். இவற்றுக்கு வேண்டியது பொறுமையும் கைவேலையும்தான்.

வெள்ளவத்தைக் குடும்பத்தின் மூத்த மகன் இப்போது ஊரில் நிற்கிறார். கூரைக்கு மரம் வந்து இறங்கிவிட்டது. ஆனால் கூரைக்கு முன் முன்னறை நிலத்தை உடைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தட்டிப் பார்த்தபோது ஒரு மூலையில் வெறும் பானையின் ஓசை கேட்டதாம்.