கயிற்றில் விளையும் கல்லுமக்காய்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டம். படன்னா, செறுவத்தூர் பக்கம் காயல் நீரில் மூங்கில் கழிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் தொங்கும் கயிறுகளில் வளர்வது கல்லுமக்காய் எனும் சிப்பி வகை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கற்றுக்கொடுத்த இந்த முறையை, 1990-களின் பிற்பகுதியில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் கடன் வாங்கித் தொடங்கின. பாறையில் சுரண்டி எடுத்த குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி அடுக்கி, மெல்லிய பருத்தித் துணியால் தைத்துவிடுவார்கள். துணி இற்றுப்போவதற்குள் அவை நார் விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தீவனச் செலவே கிடையாது; நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தாமே வடிகட்டித் தின்னும். நிலமில்லாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் மழைக்கு முந்திக்கொள்ள வேண்டும். நவம்பர், டிசம்பரில் கட்டியதை மே மாதவாக்கில் அறுவடை செய்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டிக் காயலில் உப்பு குறைந்தால், கல்லுமக்காய் கயிற்றோடு செத்துப்போகும்.